கடுக்காயிலிருந்து டானினைப் பிரித்தெடுப்பது எப்படி, பெயர் சொல்லி அடையாளம் காண்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதியியல், தாவரவியல், மருந்தியல் முதுகலை மாணவர்கள் ப்ராஜெக்ட் நேரத்தில் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். “இந்தச் செடியில் டானின் உள்ளது” என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும் ஆய்வறிக்கைகள் நிறைய வருகின்றன. எந்த டானின், அதன் அமைப்பு என்ன, அது செடியிலேயே இருந்ததா அல்லது நம் குடுவையில் உண்டானதா என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. அந்தப் பதிலை நோக்கிப் போவதற்காகத்தான் இந்தப் பக்கம். உதாரணம் முழுக்கக் கடுக்காய்தான். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் ஆவாரம் பட்டை.

டானின் என்று எதைச் சொல்கிறோம்?

துவர்ப்பைத் தருகிற பாலிஃபீனால்களை. கடுக்காயை மென்றதும் வாய் வறண்டு நாக்கு ஒட்டுகிறதே, அது உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு டானின் சேர்ந்து திரிவதால் வருவது. 1962-இல் தாவர வேதியியலாளர்கள் பேட்-ஸ்மித், ஸ்வெய்ன் இருவரும் கொடுத்த வரையறையைத்தான் இன்றும் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம்: நீரில் கரைய வேண்டும், மூலக்கூறு எடை ஏறத்தாழ 500 முதல் 3000 வரை இருக்க வேண்டும், ஃபீனாலுக்குரிய வினைகளைக் காட்ட வேண்டும், ஜெலட்டின் போன்ற புரதங்களையும் ஆல்கலாய்டுகளையும் வீழ்படியச் செய்ய வேண்டும்.

இந்த வரையறைப்படி காலிக் அமிலம் டானின் அல்ல. அதன் மூலக்கூறு எடை 170 மட்டுமே, புரதத்தைப் பிடித்து இறக்கும் அளவுக்குப் பெரிதல்ல. டானின் உடைந்தால் கிடைக்கும் துண்டு அது. “காலிக் அமிலம் கிடைத்தது, ஆகவே டானினைப் பிரித்துவிட்டோம்” என்று எழுதாதீர்கள்.

எல்லா டானினும் ஒரே மாதிரியா?

இல்லை. பூக்கும் தாவரங்களில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. நீராற்பகுப்படையும் டானின்கள் ஒன்று. இவற்றில் நடுவே ஒரு சர்க்கரை, பெரும்பாலும் குளுக்கோஸ், இருக்கும். அதன் மேல் காலிக் அமிலமும் அதன் உறவினர்களும் எஸ்டர் பிணைப்பில் ஒட்டியிருக்கும். கடுக்காய், மாதுளம் தோல், நெல்லிக்காய் எல்லாம் இந்தப் பக்கம்.

மற்றது சுருங்கிய டானின்கள், அதாவது புரோஆந்தோசயனிடின்கள். இவற்றில் நடுவில் சர்க்கரை கிடையாது. கேட்டசின் போன்ற ஃபிளேவன் அலகுகள் கார்பன்-கார்பன் பிணைப்பால் தொடராகக் கோத்திருக்கும். ஆவாரம் பட்டையும் வாட்டில் (ஒருவகை அகேசியா மரம்) பட்டையும் இந்தப் பக்கம். இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால், பின்னால் எந்தக் கரைப்பான், எந்தச் சோதனை, எந்தக் கருவி என்ற கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

உதாரணத்துக்கு ஏன் கடுக்காய்?

நாட்டு மருந்துக் கடையில் வருடம் முழுவதும் கிடைக்கிறது. உலர்ந்த சதைப்பகுதியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டானின். அதில் முக்கியமான செபுலினிக் அமிலம், செபுலாஜிக் அமிலம், கோரிலாஜின், பியூனிகலாஜின் ஆகியவற்றின் அமைப்பு தெளிவாகத் தெரிந்திருக்கிறது. புதிதாகக் கற்பவருக்கு விடை தெரிந்த ஒரு கணக்கில் கைபழகுவது நல்லது.

வாங்கும்போது பொடியாக வாங்காதீர்கள். தான்றிக்காய்ப் பொடி கலந்திருந்தால் கண்ணால் பிரித்தறிய முடியாது. அதுவும் அதே டெர்மினாலியா பேரினம் என்பதால் ஆய்வு முடிவும் குழம்பும். முழுக்காயாக வாங்கி, தாவரவியலாளர் ஒருவரிடம் காட்டி இனத்தை உறுதிசெய்து, ஒரு மாதிரியை ஹெர்பேரியத்தில் (உலர்தாவரச் சேமிப்பகத்தில்) எண்ணோடு வையுங்கள். அப்புறம் கொட்டையை நீக்குங்கள். “கடுக்காய்க்கு அகநஞ்சு, சுக்குக்குப் புறநஞ்சு” என்று சித்த மருத்துவத்தில் சொல்வார்கள். நமக்கும் கொட்டை வேண்டாம். அதன் பருப்பில் எண்ணெய் இருக்கிறது, டானின் இருப்பது சதையில்.

உலர்த்துவதிலும் பொடிப்பதிலும் என்ன கவனிக்க வேண்டும்?

கடைக் கடுக்காய் ஏற்கெனவே உலர்ந்தது, அதில் தொல்லை இல்லை. பச்சை இலை, பட்டை, பூ என்றால் வெயிலிலும் சூடான அவனிலும் போடாதீர்கள். வெப்பத்தில் டானின் புரதத்தோடும் நாரோடும் இறுகிப்போய், பிறகு எந்தக் கரைப்பானுக்கும் வெளியே வராது. உறைநிலை உலர்த்தி இருந்தால் அதுதான் சிறந்தது. இல்லையென்றால் நிழலில், காற்றோட்டத்தில், 40 டிகிரிக்கு மேல் போகாமல்.

இரும்பு உரலும் இரும்புச் சட்டியும் கூடவே கூடாது. கொஞ்சம் இரும்பு பட்டாலே சாறு கருநீலமாகிவிடும். கலம்காரித் துணியில் கடுக்காய் ஏற்றிய இடத்தில் இரும்புக் கரைசலால் எழுதினால் கறுப்புக் கோடு விழுவது இதே வினையால்தான். துணிக்கு அது அழகு, நம் மாதிரிக்குக் கேடு. பீங்கான் உரல், கண்ணாடி, துருப்பிடிக்காத எஃகு போதும்.

எந்தக் கரைப்பானில் எடுப்பது? மெத்தனாலில் சாக்ஸ்லெட் போடலாமா?

சாக்ஸ்லெட் (சூடான கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓட்டும் கருவி) வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. செடியில் இருக்கும் டானினை அப்படியே எடுக்க, 70 பங்கு அசிட்டோனும் 30 பங்கு தண்ணீரும் கலந்த கரைப்பானைச் சாதாரண அறை வெப்பத்தில் பயன்படுத்துங்கள். டானின் செல்சுவரோடும் புரதத்தோடும் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொண்டிருக்கும். நீர் கலந்த அசிட்டோன் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது, வெறும் அசிட்டோனோ வெறும் தண்ணீரோ அவ்வளவு நன்றாகச் செய்வதில்லை.

மெத்தனாலில் என்ன சிக்கல்? நீராற்பகுப்படையும் டானின்களில் இருப்பவை எஸ்டர் பிணைப்புகள். சூடான மெத்தனால் அவற்றில் சிலவற்றை வெட்டி, தானே ஒட்டிக்கொள்ளும். மாணவர் “புதிதாக மெத்தில் காலேட் கிடைத்தது” என்று மகிழ்ச்சியோடு வருவார். பெரும்பாலும் அது மரத்தில் உண்டானது அல்ல, சாக்ஸ்லெட்டில் உண்டானது. எத்தனாலில் கொதிக்கவைத்தால் எத்தில் காலேட் அதே போல வரும். வெந்நீரும் பாதுகாப்பல்ல. செபுலினிக் அமிலத்தில் ஒரு எஸ்டர் பிணைப்பை அது திறந்துவிட்டால் நியோசெபுலினிக் அமிலம் கிடைக்கும்.

நடைமுறை இது. 50 கிராம் பொடியை முதலில் பெட்ரோலியம் ஈதரில் ஊறவைத்துக் கொழுப்பையும் பச்சையத்தையும் நீக்குங்கள். வடிகட்டி உலர்ந்த பொடியில் அரை லிட்டர் நீர்-அசிட்டோன் ஊற்றி, மூடி, இருட்டில் வைத்து அவ்வப்போது குலுக்குங்கள். மறுநாள் வடிகட்டி, இதையே இன்னும் இரண்டு முறை செய்யுங்கள். மூன்று வடிசாறையும் சேர்த்து ரோட்டரியில் (வெற்றிடத்தில் கரைப்பானை ஆவியாக்கும் கருவியில்) 40 டிகிரிக்குக் கீழே அசிட்டோனை மட்டும் இழுங்கள். அசிட்டோன் தீரும் நேரத்தில் சாறு சட்டென்று நுரைத்துப் பொங்கும். வெற்றிடத்தை மெதுவாக ஏற்றுங்கள், குடுவையைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். மிஞ்சுவது பழுப்பு நிற நீர்ச்சாறு.

ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கக் கரைப்பானில் கொஞ்சம் அஸ்கார்பிக் அமிலம் சேர்ப்பதுண்டு. ஆனால் அந்தச் சாறில், ஃபீனால் அளவை நீல நிறத்தால் காட்டும் ஃபோலின் சோதனை செய்யாதீர்கள். அஸ்கார்பிக் அமிலமும் நீல நிறம் தரும்.

டானின் இருக்கிறதா என்று முதலில் எப்படிப் பார்ப்பது?

ஃபெரிக் குளோரைடுதான் எல்லோரும் செய்வது. நீராற்பகுப்படையும் டானின் கருநீலம் தரும், சுருங்கிய டானின் கரும்பச்சை தரும். சாறு அடர்த்தியாக இருந்தால் இரண்டும் ஒரே கறுப்பாகத் தெரியும். நிறம் வெளிறிப்போகும் அளவுக்கு நீர் சேர்த்துவிட்டு, ஒரே ஒரு துளி விட்டுப் பாருங்கள். அப்படியும் இது ஃபீனாலுக்கான சோதனைதான், டானினுக்கு மட்டும் உரியதல்ல. காலிக் அமிலமும் பல ஃபிளேவனாய்டுகளும் இதற்கு நிறம் தரும்.

எனக்கு நம்பிக்கை ஜெலட்டின் சோதனையில். ஒரு சதவீத ஜெலட்டினைப் பத்து சதவீத உப்புக் கரைசலில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். வடிகட்டிய சாறு உள்ள குழாயில் துளித்துளியாக விடுங்கள். கடுக்காய்ச் சாறு என்றால் முதல் துளி விழுந்த இடத்திலேயே பால் போலத் திரிந்து, சில நொடிகளில் வெளுத்த திரளாகக் கீழே இறங்கும். அவசரப்பட்டு ஜெலட்டினை அதிகம் ஊற்றினால் இறங்கியது மறுபடி கரைந்து, சோதனை பொய்யாகிவிடும். டானினின் வரையறையே புரதத்தை வீழ்படியச் செய்வது என்பதால், இந்தச் சோதனைதான் கேள்விக்கு நேரான பதில்.

எந்தக் குடும்பம் என்று அறிய, சாறில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கொதிக்கவையுங்கள். ஆவாரம் பட்டை என்றால் ஃபுளோபஃபீன் என்ற செம்பழுப்புப் பொருள் கரையாமல் படியும். கடுக்காய் அப்படிச் சிவக்காது. அதில் எஸ்டர்கள் உடைந்து காலிக் அமிலமும், வெளிர்மஞ்சளாகப் படியும் எல்லாஜிக் அமிலமும் வரும்.

மொத்த அளவை எப்படிக் கணக்கிடுவது?

ஃபோலின்-சியோகால்டியூ முறையில் 765 நானோமீட்டரில் அளந்து, காலிக் அமிலத்துக்கு ஈடாகச் சொல்வது வழக்கம். அது மொத்த ஃபீனால் அளவு. டானின் அளவு வேண்டுமானால், சாறின் ஒரு பகுதியைப் பிவிபிபி என்ற கரையாத பாலிமர்ப் பொடியோடு குலுக்கி, குளிரவைத்து, மையவிலக்கில் சுற்றுங்கள். டானின் அந்தப் பொடியில் ஒட்டிக்கொண்டு இறங்கிவிடும். மேலே நிற்கும் தெளிவை மறுபடி அளந்து முதல் அளவிலிருந்து கழித்தால் கிடைப்பதே டானின். சுருங்கிய டானினுக்கு வெனிலின்-அமில முறையும், 550 நானோமீட்டரில் பார்க்கும் பியூட்டனால்-அமில முறையும் உண்டு. இரண்டையும் கடுக்காயில் செய்து “டானின் மிகக் குறைவு” என்று எழுதினால் தவறு. அவை வேறு குடும்பத்துக்கான சோதனைகள்.

சாறிலிருந்து தனிச் சேர்மத்தை நோக்கி எப்படிப் போவது?

நீர்ச்சாறைப் பிரிபுனலில் எத்தில் அசிடேட்டோடு குலுக்குங்கள், பிறகு பியூட்டனாலோடு. சிறிய ஃபீனால்களும் செபுலினிக், செபுலாஜிக் அமிலங்களின் நல்ல பகுதியும் எத்தில் அசிடேட்டுக்கு வரும். பெரியவையும் அதிக நீர்நாட்டம் கொண்டவையும் பின்தங்கும். பலமாகக் குலுக்கினால் இடையில் பால்மம் கட்டிவிடும். மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து எடுத்தால் நேரம் மிச்சம்.

அடுத்தது காலம் (column), அதாவது பிரிக்கும் பொருளை நிரப்பிய கண்ணாடிக் குழாய். இங்கேதான் பலர் பழக்கத்தில் சிலிகா ஜெல்லை எடுத்துவிடுகிறார்கள். இத்தனை ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ள பொருளைச் சிலிகா கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மேலே பழுப்பு வளையமாக நின்றுவிடும், போட்டதில் பாதிகூடத் திரும்பி வராது. டானினுக்கு ஏற்றது செஃபாடெக்ஸ் எல்எச்-20. முந்தைய நாளே எத்தனாலில் ஊறப்போட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் காலத்தில் நிரப்புங்கள். பிரித்த பகுதியைக் கொஞ்சம் எத்தனாலில் கரைத்து மேலே விடுங்கள். முதலில் எத்தனாலே ஓடட்டும். சர்க்கரையும் காலிக் அமிலம் போன்ற சிறியவையும் இறங்கிவிடும், டானின் மேலேயே காத்திருக்கும். பிறகு நீர் கலந்த எத்தனால், கடைசியாக நீர் கலந்த அசிட்டோன் என்று மாற்றிக்கொண்டே போங்கள். அசிட்டோன் உள்ளே போனதும் அதுவரை அசையாமல் நின்ற பழுப்புப் பட்டை நகரத் தொடங்கும். சாதாரண ஜெல் காலத்தில் பெரிய மூலக்கூறு முதலில் வரும். இங்கே ஃபீனால் தொகுதிகள் ஜெல்லோடு ஒட்டுவதால் பெரியது கடைசியில்தான் வரும்.

இறங்குவதைச் சிறு குழாய்களில் பிடித்து, ஒவ்வொரு குழாயையும் டிஎல்சி-யில் (மெல்லடுக்கு வண்ணப்பிரிகையில்) பாருங்கள். டொலுவீன், அசிட்டோன், ஃபார்மிக் அமிலம் 3:3:1 நல்ல தொடக்கம். ஓடிய தகட்டில் ஃபெரிக் குளோரைடு தெளித்தால் புள்ளிகள் நீலக்கறுப்பாகத் தெரியும். ஒரே மாதிரியான குழாய்களைச் சேர்த்து, தேவைப்பட்டால் மறுபடி காலம் போடுங்கள்.

எல்எச்-20 விலை கட்டுப்படியாகவில்லை. வேறு வழி?

பாலிஅமைடு, டயான் எச்பி-20 போன்றவை மலிவானவை. முதல் சுற்றுப் பிரிப்புக்கு அவை போதும். எல்எச்-20 வாங்கியவர்கள் ஒவ்வொரு முறையும் நீர் கலந்த அசிட்டோனில் நன்றாகக் கழுவி, எத்தனாலில் வைத்துக்கொண்டால் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

ஜிசி-எம்எஸ் எடுத்தாகிவிட்டது. அதில் டானின் தெரியுமா?

தெரியாது. இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் கடுமையாகவே பதில் சொல்வேன், ஏனென்றால் மாணவர்களின் பணமும் மாதங்களும் இதில் வீணாகின்றன. ஜிசி-எம்எஸ் (வாயு வண்ணப்பிரிகையும் நிறைமானியும் சேர்ந்தது) ஆவியாகிற பொருள்களுக்கான கருவி. 950 மூலக்கூறு எடையும், உடம்பெல்லாம் ஹைட்ராக்சிலும் உள்ள டானின் ஆவியாகாது. ஊசி போடும் இடத்தின் சூட்டில் சிதைந்துபோகும். அந்த அறிக்கைகளில் அடிக்கடி வரும் பைரோகலால் என்ற பீக்கை (வரைபடத்தில் எழும் முகட்டை) பாருங்கள். காலிக் அமிலம் சூட்டில் கார்பன் டை ஆக்சைடை இழந்தால் பைரோகலால்தான் கிடைக்கும். செடியில் என்ன இருந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. டானினுக்கு வேண்டியது திரவ வண்ணப்பிரிகையும், மென்மையாக அயனியாக்கும் நிறைமானியும்.

எச்பிஎல்சி-யில் ஒரே பீக் வந்தால் தூய்மையானது என்று சொல்லலாமா?

எச்பிஎல்சி-க்கு (உயர்திறன் திரவ வண்ணப்பிரிகைக்கு) சி-18 காலம், 0.1 சதவீத ஃபார்மிக் அமிலம் கலந்த நீர், அசிட்டோநைட்ரைல், 280 நானோமீட்டர். தொடங்க இது போதும். ஒரே பீக் நல்ல அறிகுறி. ஆனால் அந்தப் பீக்கின் ஏறுமுகத்திலும் இறங்குமுகத்திலும் புற ஊதா நிறமாலை ஒன்றாக இருக்கிறதா என்று டையோடு அரே கண்டறிவானில் பாருங்கள். கடைச்சரக்கான தூய மாதிரியோடு நேரம் ஒத்துப்போனால் இன்னும் ஒரு படி. அதோடு பெயர் வைத்துவிட வேண்டாம். ஒரே நேரத்தில் இறங்கும் வேறு டானின்கள் நிறைய உண்டு.

இதற்கு நேர்மாறாக, இரண்டு பீக் வந்தாலே கலப்படம் என்றும் பயப்பட வேண்டாம். பியூனிகலாஜின் தூய்மையாக இருந்தாலும் ஆல்ஃபா, பீட்டா என்ற இரு வடிவங்களாக மாறிக்கொண்டே இருப்பதால் எப்போதும் இரண்டு பீக்காகத்தான் வரும்.

நிறைமானி என்ன சொல்லும்?

எதிர்மின் முறையில் ஓட்டுங்கள், ஃபீனால்கள் அதில்தான் நன்றாகத் தெரியும். ஒரு புரோட்டானை இழந்த அயனியின் எடையாக (m/z) இந்த எண்கள் வரும்: கோரிலாஜின் 633, செபுலாஜிக் அமிலம் 953, செபுலினிக் அமிலம் 955, பியூனிகலாஜின் 1083. பியூனிகலாஜின் இரட்டை மின்சுமையோடு 541-லும் தெரியும். துண்டுகளில் 169 காலிக் அமிலம், 301 எல்லாஜிக் அமிலம். 152 குறைந்தால் ஒரு காலாய்ல் (எஸ்டராக ஒட்டிய காலிக் அமிலத் தொகுதி) போயிருக்கிறது, 170 குறைந்தால் முழுக் காலிக் அமிலம் போயிருக்கிறது.

953-க்கும் 955-க்கும் இடையிலுள்ள அந்த இரண்டை நன்றாகக் கவனியுங்கள். இரண்டு சேர்மங்களுக்கும் எலும்புக்கூடு ஒன்றே: குளுக்கோஸின் முதல் கார்பனில் காலாய்ல், இரண்டிலும் நான்கிலும் பாலம் போட்ட செபுலாய்ல் (செபுலிக் அமிலத் தொகுதி). செபுலினிக் அமிலத்தில் மூன்றாவது, ஆறாவது கார்பன்களில் இரண்டு காலாய்ல்கள் தனித்தனியே நிற்கின்றன. செபுலாஜிக் அமிலத்தில் அந்த இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன. பிணையும்போது இரண்டு ஹைட்ரஜன்கள் போயின, எடையில் இரண்டு குறைந்தது. எல்லாஜிக் அமிலம் பிறப்பதும் இந்தப் பிணைந்த ஜோடியிலிருந்துதான். எஸ்டர் உடைந்து ஜோடி வெளியே வந்ததும் தானாக மடங்கி எல்லாஜிக் அமிலமாகிறது.

973 கண்ணில் பட்டால், அது 955-ஓடு ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்தது. நியோசெபுலினிக் அமிலமாக இருக்கலாம். சாறு எங்கே சூடானது என்று உங்கள் குறிப்பேட்டைத் திருப்பிப் பாருங்கள்.

அப்படியென்றால் என்எம்ஆர் எதற்கு?

எடை ஒன்றாக இருந்து, காலாய்ல் உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும் மாறிய ஐசோமர்களை நிறைமானியால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) தான் சொல்லும். மாதிரியை டியூட்டீரிய அசிட்டோனில் கரையுங்கள். காலாய்ல் ஒவ்வொன்றும் 7 பிபிஎம்-ஐ ஒட்டி இரண்டு புரோட்டான் மதிப்புள்ள ஒற்றைக் கோடாக வரும், ஏனென்றால் அந்த வளையத்தில் உள்ள இரண்டு புரோட்டான்களும் சமம். செபுலினிக் அமிலத்தில் இப்படி மூன்று கோடுகள். செபுலாஜிக் அமிலத்தில் ஒன்றுதான், மற்ற இரண்டுக்குப் பதிலாக ஒரு புரோட்டான் மதிப்புள்ள இரண்டு கோடுகள்.

குளுக்கோஸின் முதல் புரோட்டானையும் பாருங்கள். சாதாரணக் காலாய்ல் குளுக்கோஸில் அதன் பிளவு 8 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். கடுக்காய்ச் சேர்மங்களில் மிகச் சிறியதாக, அகன்ற ஒற்றைக் கோடு போலத் தெரியும். செபுலாய்ல் பாலம் இழுத்துப் பிடிப்பதால் சர்க்கரை வளையம் வழக்கமான நாற்காலி வடிவத்தை விட்டுத் திரும்பியிருக்கிறது. எந்தக் காலாய்ல் எந்தக் கார்பனில் என்பதை எச்எம்பிசி நிறமாலையில், எஸ்டர் கார்பனிலிருந்து சர்க்கரைப் புரோட்டானுக்குப் போகும் தொடர்பை வைத்துச் சொல்லலாம். பிணைந்த ஜோடியின் முறுக்கு வலமா இடமா என்பதை வட்ட இருநிறமானி காட்டும்: 235 நானோமீட்டர் அருகே நேர்க்குறி வந்தால் எஸ், எதிர்க்குறி வந்தால் ஆர்.

டானின் படிகமாகக் கிடைக்குமா?

பெரும்பாலானவை உருவமற்ற பொடிதான், அதனால் கவலை வேண்டாம். விதிவிலக்குகள் உண்டு. 1970-களில் ஜப்பானிய வேதியியலாளர் தகுவோ ஒகுடா, ஜப்பானில் நாட்டு மருந்தாகக் குடிக்கப்படும் ஜெரேனியம் துன்பெர்ஜி என்ற செடியிலிருந்து ஜெரானின் என்ற டானினை மஞ்சள் படிகமாக எடுத்தார். டானின் என்றாலே பிரிக்க முடியாத பழுப்புக் கலவை என்ற எண்ணம் மாற அது பெரிதும் உதவியது.

ஆவாரம் பட்டையிலும் இதே வழியில் போகலாமா?

பிரித்தெடுப்பது வரை ஏறத்தாழ இதே வழி. அதன் பிறகு வேறு. வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல் பக்கத்துத் தோல் பதனிடும் தொட்டிகளில் ஒரு காலத்தில் ஆவாரம் பட்டைதான் ஊறியது, பிறகு வாட்டில் அந்த இடத்தைப் பிடித்தது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சத்தில் சிவக்கும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காயில் போட்டு எடுப்பார்கள். இரு குடும்பங்களின் வேதியியலும் அந்தத் தோலில் சேர்ந்து வேலை செய்தது.

பட்டையின் டானின் வெவ்வேறு நீளமுள்ள தொடர்களின் கலவை. எச்பிஎல்சி-யில் கூர்மையான பீக்குக்குப் பதில் ஒரு மேடுதான் எழும்பும். அதிலிருந்து ஒற்றைச் சேர்மத்தைத் தேடாமல், தொடரை அமிலத்தில் உடைத்து, உடையும் அலகுகளை ஃபுளோரோகுளுசினாலால் பிடித்து, எந்த அலகுகள், சராசரியாக எத்தனை அலகு நீளம் என்று சொல்ல வேண்டும். இரண்டே அலகுகள் கொண்ட சிறிய இருமங்களை மட்டும் தனியாகப் பிரிக்கலாம். புரோசயனிடின் இருமம் நிறைமானியில் 577-இல் வரும், 425, 407, 289 என்று உடையும்.

பிரித்த டானினை எப்படி வைப்பது?

உறைநிலையில் உலர்த்திய பொடியாக, பழுப்புக் குப்பியில், ஃப்ரீசரில். கரைசலாக வைக்காதீர்கள். கார நிலையில் விடவே கூடாது, சில நிமிடங்களில் நிறம் கறுக்கத் தொடங்கிவிடும்.

நொதித் தடுப்புச் சோதனையில் எங்கள் டானின் மிக நன்றாக வேலை செய்கிறது. மருந்து கிடைத்துவிட்டதா?

நொதியும் புரதம்தான். டானின் எந்தப் புரதத்தையும் பிடிக்கும் இயல்புடையது. ஆகவே அதே சோதனையை மாட்டுச் சீரம் அல்புமின் சேர்த்து மறுபடி செய்யுங்கள். அல்புமின் சேர்ந்ததும் தடுப்பு மறைந்துவிட்டால், நீங்கள் பார்த்தது ஜெலட்டின் குழாயில் நடந்த அதே வீழ்படிவுதான். மறையாமல் நின்றால் மேலே ஆராய விஷயம் இருக்கிறது. அப்போது பிவிபிபி-யில் டானினை நீக்கிய சாறையும் சேர்த்துச் சோதித்து, இரண்டு முடிவுகளையும் அருகருகே அட்டவணையில் கொடுங்கள்.